ஒன்பதாம் இலக்கச் சிவப்பு வண்டி

வீட்டுக்கு வருபவர்கள் கேட்கும் முதற் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "பேரப்பிள்ளைகளுக்கோ?"

இல்லை. அத்தனையும் எனக்குத்தான். பம்பலப்பிட்டியில் நான் குடியிருக்கும் மாடிவீட்டின் முன்னறையில், கண்ணாடிக் கதவிட்ட அலுமாரி ஒன்றில் 143 தீயணைப்பு வாகனங்கள் நிற்கின்றன. மிகப் பெரியது ஒரு முழ நீளம். மிகச் சிறியது என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. நாற்பது ஆண்டுகள் பத்திரிகைகளில் வேலை பார்த்தவன் ஓய்வுக் காலத்தில் அரசியல் ஆய்வு எழுதாமல், இரண்டங்குல வண்டிகளைத் தூசு தட்டிக்கொண்டிருக்கிறானே என்று நண்பர்கள் சிலர் கவலைப்படுவதை நான் அறிவேன். அரசியல் ஆய்வு எழுத நாட்டில் ஆட்கள் தாராளமாக இருக்கிறார்கள் என்பதே அவர்களுக்கு என் பதில்.

சென்ற மாதம் பழைய காகிதம் ஒன்று கைக்குக் கிடைத்தது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் காகிதத்துக்கு வருமுன் வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1965ஆம் ஆண்டு. எனக்கு வயது எட்டு, தம்பிக்கு ஐந்து. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த காலம். கொழும்பில் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை ஒன்றுக்குச் சீமை விளையாட்டுச் சாமான் கிடைப்பதென்றால் யாராவது கப்பலில் இருக்க வேண்டும். எங்களுக்குக் கப்பலில் ஒரு சித்தப்பா இருந்தார். அந்த முறை துறைமுகத்திலிருந்து வந்தவர், சட்டைப் பையிலிருந்து சிறிய அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். நெருப்புப் பெட்டியைப் போன்றே செய்யப்பட்ட பெட்டி. உள்ளே சிவப்பு நிறத்தில் ஒரு தீயணைப்பு வண்டி. கூரையின்மேல் பொன்னிற ஏணி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று! தகப்பன்மாரும் சித்தப்பன்மாரும் அக்காலத்தில் இப்படித்தான் நீதி வழங்கினார்கள்.

அது 'மட்ச்பொக்ஸ்' வரிசையில் ஒன்பதாம் இலக்கம். கிரீனிச்சில் தீயணைப்பு இயந்திரங்கள் செய்த மெரிவெதர் நிறுவனத்தின் 'மார்க்விஸ்' வாகனத்தைப் பார்த்து வார்க்கப்பட்ட மாதிரி, 1959இல் வெளிவந்தது. செய்தவர்கள் லண்டனைச் சேர்ந்த லெஸ்னி நிறுவனத்தார். லெஸ்லி ஸ்மித், ரொட்னி ஸ்மித் என்று இரு நண்பர்கள் (ஒரே குடும்பப் பெயர், உறவினர் அல்லர்) 1947இல் தங்கள் பெயர்களில் பாதிப் பாதியை ஒட்டி அந்தப் பெயரை உண்டாக்கினார்கள். அவர்களோடு சேர்ந்துகொண்ட ஜாக் ஓடெல் என்ற வார்ப்புத் தொழில் நிபுணரின் மகள் படித்த பள்ளியில் ஒரு விதி இருந்ததாம்: நெருப்புப் பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே கொண்டுவரலாம். 1952இல் தகப்பன் மகளுக்காக, நெருப்புப் பெட்டிக்குள் அடங்கும் வீதி உருளை இயந்திரம் ஒன்றைச் செய்து கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1953இல் சந்தைக்கு வந்த அந்த வரிசை முழுவதும். ஒரு பள்ளிக்கூட விதியினால் உலகத்துக்கு நன்மை விளைந்த சந்தர்ப்பம் இதைத் தவிர வேறு எனக்குத் தெரியாது.

சேகரிப்பாளர்கள் அளவுத் திட்டம் என்று ஒன்றைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள். 1:76 என்றால் எட்டு மீற்றர் நீளமான வாகனம் பத்தரைச் சென்ரிமீற்றர் ஆகிவிடும். 1:43, 1:50, 1:87 என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேதம். பழைய மட்ச்பொக்ஸ் வண்டிகளுக்கு மட்டும் இந்த வேதம் கிடையாது. பெட்டிக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே அந்த வரிசையில் இரண்டு தட்டு பஸ்ஸும் வீதி உருளையும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் இருக்கும். துல்லியம் பேசுவோர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எட்டு வயதில் எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

வண்டி வளர்ந்த பிள்ளைகளைவிட்டு மெல்ல விலகி, அம்மாவின் தேக்கு அலுமாரிக்குள் சீமைக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டது. அங்கேயே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நின்றது.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை. நான் அப்போது தமிழ்த் தினசரி ஒன்றில் உதவி ஆசிரியர். ஞாயிறு இரவு வேலை முடித்து வந்து தூக்கத்திலிருந்தேன். அன்று கொழும்பில் நடந்தவற்றை இதை வாசிக்கும் பலர் நேரில் கண்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் பெற்றோரிடம் கேட்டிருப்பீர்கள். ஆகவே விரித்து எழுதப் போவதில்லை. காலி வீதிப் பக்கம் புகை எழுந்தது. அடுத்த வீட்டுச் சிங்கள ஆசிரியை மதிலுக்கு மேலால் கையைக் காட்டி அழைத்தார். அம்மா உறுதிகளும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் இருந்த பையை எடுத்தார். பிறகு வாசற் கதவைப் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அந்தத் திறப்பு அதன் பிறகு எந்தக் கதவையும் திறக்கவில்லை.

அகதிகளாகப் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரிக்குப் போனோம். பாடசாலை வகுப்பறையில் சிறு பிள்ளைகளின் மேசை கதிரைகளுக்கு நடுவே எங்கள் குடும்பம். சில நாட்களின் பின் பெற்றோரும் தம்பியும் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். நான் வேலைக்காகக் கொழும்பில் தங்கினேன்.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஒருநாள் வீட்டைப் பார்க்கப் போனேன். கூரை இல்லை. அலுமாரி நின்ற இடத்தில் சாம்பலும் கோப்பைத் துண்டுகளும். காலால் கிளறியபோது புளியங்கொட்டை நிறத்தில் ஓர் உலோகக் கட்டி அகப்பட்டது. எறியப் போனேன். அதிலிருந்து இரண்டு மெல்லிய இரும்புக் கம்பிகள் சமாந்தரமாக நீட்டிக்கொண்டிருந்தன. சில்லுகளின் அச்சுகள்!

இந்த மாதிரிகளை வார்க்கும் உலோகம் நாகத்துடன் சிறிது அலுமினியம் சேர்த்த கலவை. ஏறத்தாழ 385 பாகை செல்சியஸில் உருகிவிடும். வீடொன்று முழுதாகப் பற்றி எரியும்போது அறையின் வெப்பம் 600 பாகையைத் தாண்டும். இரும்பு அச்சு அதைத் தாங்கும், வண்டி தாங்காது. இதெல்லாம் பின்னாளில் வாசித்து அறிந்தவை. அன்று எனக்குத் தெரிந்தது, தீயணைப்பு வண்டி ஒன்று தீயில் உருகி என் உள்ளங்கையில் கிடக்கிறது என்பது மட்டுமே. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அன்றைக்கு இழப்புகளின் பட்டியல்கள் பலவற்றை மொழிபெயர்த்துத் தலைப்பிட்டிருப்பேன். பையிலிருந்ததைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கோடையில் பம்பலப்பிட்டியில் இருபத்தாறு வயது ஆண் ஒருவன் விளையாட்டு வண்டிக்காக வருந்தினான் என்று சொல்வதற்கே வெட்கமாக இருந்தது.

அந்தக் கட்டிதான் என் அலுமாரியின் முதல் தட்டில், முதலாவதாக இருக்கிறது. மற்ற 142உம் அதற்குப் பின்னால் வந்தவை.

சேகரிப்பு என்று சொல்லத்தக்க விதத்தில் தொடங்கியது 1990களில். புறக்கோட்டை நடைபாதைகளிலும், பழைய போத்தல் பேப்பர் வாங்குபவர்களின் சாக்குகளிலும் தேடினேன். வண்ணம் போன டிங்கிகள், சில்லில்லாத கோர்கிகள். லண்டனுக்கு ஒரு தடவை போனபோது, 1936இல் வெளிவந்த டிங்கியின் நீள்வளைவுத் தீயணைப்பு வண்டி ஒன்றை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கினேன். பயணச் செலவுக்கு வைத்திருந்த பணத்தில் பாதி போயிற்று. (வீட்டில் இன்றுவரை சரியான விலை சொல்லவில்லை.) மூன்று ஆண்டுகளில் அது மயிரிழை மயிரிழையாக வெடித்து, ஒருநாள் கையிலெடுத்தபோது காய்ந்த பிட்டுப்போல உதிர்ந்தது. அக்கால நாகக் கலவையில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டால் உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும் நோய் அது. வெக்கையும் ஈரப்பதனும் அந்நோயை விரைவுபடுத்தும். பம்பலப்பிட்டியில் இவ்விரண்டுக்கும் பஞ்சமில்லை. போதாததற்குக் கடற்காற்று அச்சுகளைக் கறள் பிடிக்க வைக்கும். ஆகவே மாதம் ஒருமுறை தூரிகையால் துடைப்பதும், ஈரமுறிஞ்சும் பொதிகளை மாற்றுவதும் என் வழிபாடுகளில் அடங்கும்.

டிங்கியின் 1969ஆம் ஆண்டு மார்க்விஸ் ஒன்றும் இருக்கிறது. அதன் வயிற்றில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சலாம். அதைச் செய்த லிவர்பூல் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. லெஸ்னி 1982இல் முறிந்தது. கோர்கி வண்டிகளைச் செய்த நிறுவனம் 1983இல். நான் வண்டியை இழந்த காலத்தில், வண்டி செய்தவர்களும் தொழிலை இழந்துகொண்டிருந்தார்கள்!

தம்பி கனடாவுக்குப் போய் முப்பத்தெட்டு ஆண்டுகளாகின்றன. ஸ்காபரோவில் இருக்கிறான். 2001 செப்ரெம்பர் 11இல் நியூயோர்க் தீயணைப்புத் துறை 343 பேரை இழந்தது. அடுத்த ஆண்டு என் பிறந்தநாளுக்கு அந்நகர வண்டியொன்றின் 1:64 மாதிரியை அனுப்பினான். கதவிலுள்ள எழுத்துகளை வாசிக்க உருப்பெருக்குக் கண்ணாடி வேண்டும். அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒன்றாவது வரும். ஆனால் ஒன்பதாம் இலக்கத்தை மட்டும் நானே தேடி வாங்க வேண்டும் என்று இருந்தேன். அதிலேதான் எங்களுக்குள் வழக்கு.

ஈபேயில் ஒன்பதாம் இலக்கம் அரிதன்று. சாம்பல் நிறச் சில்லா, கறுப்புச் சில்லா, ஏணி பொன்னிறமா, மங்கிய பழுப்பா என்பதைப் பொறுத்து விலை மாறும். ஏணி தனித் துண்டாகப் பொருத்தப்படுவது. ஆகவே அறுபது ஆண்டுப் பழசுகளில் பாதிக்கு ஏணி இருப்பதில்லை. ஏணியில்லாதவை மலிவு. நான் ஏணியுள்ளதற்காகவே காத்திருந்தேன். ஏனென்றால் எங்கள் வண்டியில் ஏணி இருந்தது. 1983 ஜூலை 24 இரவு வேலைக்குப் புறப்படுமுன் அலுமாரிக் கண்ணாடியில் தலை வாரியபோது அந்தப் பொன்னிறத்தைக் கண்டது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

"அண்ணை, அதுக்கு ஏணி இருக்கேல்லை" என்றான் தம்பி.

"இருந்தது."

"நீங்கள்தானே அதைக் கழட்டித் தண்டவாளத்தில வைச்சனீங்கள்! ரெயின் ஏறினால் வாளாய் வரும் எண்டு சொன்னனீங்கள். நான் அழ அழ வைச்சனீங்கள்."

பம்பலப்பிட்டியில் வளர்ந்த பையன்களுக்கு இது விளங்கும். ஒழுங்கை முடியுமிடத்தில் புகையிரதப் பாதை, அதற்கப்பால் கடல். ஒரு சதக் குற்றி, ஆணி, சோடா மூடி என்று எல்லாவற்றையும் தண்டவாளத்தில் வைத்துத் தட்டையாக்குவோம். ஆனால் ஏணியை நான் வைக்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கும் என்று சொல்லிவிட்டேன். அவன் விடவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொலைபேசியில் இந்த வழக்கு நடக்கிறது. சில வேளை பகிடியாக, சில வேளை உண்மையாகவே கோபமாக. அம்மா இருந்தவரை இருவருமே அவரைச் சாட்சிக்கு இழுத்தோம். "எனக்குக் கோப்பையள்தான் ஞாபகம்" என்பார் அவர்.

2011இல் ஏணியுடன் ஒன்று கிடைத்தது. கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவரிடம் அதை ஆசையோடு காட்டினேன். சிங்களவர், கொட்டாஞ்சேனைத் தமிழ் சரளமாகப் பேசுவார். 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கியின்மீது குண்டு லொறி மோதி 90 பேருக்கு மேல் இறந்தபோது கோட்டையில் வேலை செய்தவர்களில் அவரும் ஒருவர். செய்தியாளனாக நானும் அன்று அங்கே நின்றேன். அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை. அவர் வண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தொழில்காரரின் கண்ணோடு திருப்பிப் பார்த்தார்.

"பம்ப் எங்க, ஹோஸ் எங்க சேர்? தண்ணி இல்லாட்டி இது வெறும் லொறிதான்" என்றார். டிங்கியின் தண்ணீர் வித்தையைக் காட்டினேன். சிரித்தார். பின்னர் ஒன்பதாம் இலக்கத்தின் ஏணியை விரல் நுனியால் தொட்டு, "இது நெருப்பு அணைக்க இல்ல சேர். ஆள இறக்க" என்றார்.

எனக்கு அது புதிது. பழைய பிரித்தானிய வண்டிகள் பெரிய சில்லுகள் பூட்டிய ஐம்பதடி மர ஏணிகளைப் பின்புறம் சுமந்து சென்றன. வண்டியிலிருந்து இறக்கி, தள்ளிக்கொண்டுபோய்ச் சுவரோடு நிறுத்துவார்கள். மாடியில் அகப்பட்டவர்களை இறக்குவதுதான் அந்த ஏணியின் முதல் வேலை. தண்ணீர் அதற்குப் பிறகு. 1955இல் வந்த மட்ச்பொக்ஸின் முதல் ஒன்பதாம் இலக்கத்தின் பெயரிலேயே 'ஃபயர் எஸ்கேப்' என்று இருக்கும். தப்பவைக்கும் வண்டி. எத்தனையோ ஆண்டுகள் அந்தப் பெயரை வாசித்திருக்கிறேன்; பொருள் கொட்டாஞ்சேனைக்காரர் சொல்லித்தான் விளங்கியது.

கொழும்பு வண்டிகளுக்கு எந்த நிறுவனமும் மாதிரி செய்ததாக நான் அறியேன். ஆகவே ஒக்ஸ்போர்ட் நிறுவனத்தின் 1:76 டெனிஸ் வண்டியொன்றை வாங்கி, நானே மும்மொழியிலும் எழுதினேன். உண்மையில் 15 சென்ரிமீற்றர் உயரமான எழுத்து இந்த அளவில் இரண்டு மில்லிமீற்றர். ஒற்றை மயிர்த் தூரிகையால் 'தீயணைப்புப் படை' என்று எழுத ஒரு வாரம். நடுவில் வரும் 'ப்' இரண்டு முறை இடம் போதாமல் விழுந்துவிட்டது. 'தீயணைப்பு படை' என்று விட்டால் யார் கவனிக்கப் போகிறார்கள் என்றார் மனைவி. நாற்பது ஆண்டுகள் அந்த ஒற்றுக்காகவே நிருபர்களோடு சண்டை பிடித்தவன், இரண்டு மில்லிமீற்றர் என்பதற்காக விட்டுவிட முடியுமா? மூன்றாம் முறை அழித்து எழுதினேன். 2020 மார்ச் முதல் 2025 வரை இந்த நாட்டுக்குத் தனியார் வாகனங்களே இறக்குமதியாகாத காலத்தில், இவ்வீட்டுக்கு மட்டும் தபாலில் வாகனங்கள் வந்தபடி இருந்தன என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இனிக் காகிதம்.

அம்மாவின் றங்குப்பெட்டி ஒன்று எங்களிடம் இருந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அப்பா காலமாகி ஓராண்டு. சைக்கிள் கரியரில் கட்டி அம்மா கொண்டுபோனது அந்தப் பெட்டியைத்தான். 2009இல் அம்மாவும் போனபின் அதைத் திறக்க மனம் வரவில்லை. சென்ற மாதம் அறைக்கு வண்ணம் பூசவேண்டி வந்ததால் திறந்தேன். உறுதிகள், ஜாதகங்கள், ஒரு திறப்பு. அடியில், நான்காக மடித்த கார்பன் பிரதி.

அப்பாவின் கையெழுத்து. ஆங்கிலத்தில், 1983 ஓகஸ்ட் திகதியிட்டு, எரிந்த வீட்டுப் பொருட்களுக்கான நட்டஈட்டு விண்ணப்பத்துடன் இணைத்த பட்டியல். அகதி முகாமில் சின்னப் பிள்ளைகளின் மேசையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தது எனக்கும் நினைவிருக்கிறது, என்னவென்று கேட்கவில்லை. 63 உருப்படிகள். அரசாங்க எழுதுவினைஞராக முப்பது ஆண்டுகள் இருந்தவர். தையல் இயந்திரத்துக்கு வாங்கிய ஆண்டு, வாங்கிய விலை, தேய்மானம் கழித்த பெறுமதி. வானொலிப் பெட்டிக்கு நேரே 'ஒரு குமிழ் பழுது' என்று குறிப்பு. ஆறு கதிரைகள் என்று எழுதி, ஒன்று கால் ஆடுவது என்று அடைப்புக்குள். எரிந்துபோன கதிரையின் ஆடிய காலை யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் எழுதியிருந்தார்.

61ஆம் உருப்படி: விளையாட்டுத் தீயணைப்பு வண்டி, இங்கிலாந்துத் தயாரிப்பு, ஒன்று. பிள்ளைகளுடையது. ஏணி இல்லை. ரூபா 2.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவி வந்து தண்ணீர் கொடுத்தார்.

இரண்டு ரூபாவை நினைத்தல்ல. அந்த வண்டியை நினைத்தவன் நான் ஒருவன்தான் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எண்ணியிருந்தேன். தவிர, ஜூலை 24 இரவு கண்ணாடியில் நான் கண்ட பொன்னிறம் என்ன? அம்மாவின் கோப்பை விளிம்பாக இருக்கலாம். நாற்பது ஆண்டுகள் மற்றவர்களின் சாட்சியங்களைத் திருத்தி அச்சேற்றிய எனக்கு என் சாட்சியம் பற்றி இப்படி ஒரு செய்தி.

தண்டவாளத்தில் வைத்தேனா? அப்பாவின் பட்டியல் அதைச் சொல்லவில்லை. ஆனால் வழக்கில் பாதி தோற்றுவிட்டது. பட்டியலை உறையிலிட்டு உருகிய கட்டிக்குக் கீழே வைத்திருக்கிறேன். தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை. காலைக் கோப்பியுடன் நான் எழுதுவதை வாசிக்கும் பழக்கம் அவனுக்கு உண்டு. அங்கே காலை ஏழு மணி என்றால் இங்கே பின்னேரம். தொலைபேசியை இப்போதே சார்ஜ் ஏற்ற வைத்திருக்கிறேன்.